சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடுமா?

குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்பு. வகுப்பில் வாயால் கேட்டால் பதில் சொல்வான், தாளில் எழுதச் சொன்னால் பாதி வெள்ளையாக இருக்கும். திருவனந்தபுரத்தில் காட்டியபோது டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வருகிற சிரமம்), கூடவே ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் சோம்பேறி என்கிறார்கள், டி.சி. வாங்கிக்கொண்டு போனால் நல்லது என்று ஜாடையாகவும் சொல்லிவிட்டார்கள். அப்பா கத்தாரில். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் நாளை வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடையாகுமா, பத்தாவதுக்குப் பிறகு எதில் சேர்ப்பது, பிளஸ் டூ படிக்கிற நாத்தனார் மகளுக்கு ஆட்டிசம், அவளைக் கல்லூரியில் எடுப்பார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், இந்த ஆண்டே வாங்குங்கள். முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அவன்மேல் ஏற்கெனவே ஒரு முத்திரை விழுந்தாயிற்று, சோம்பேறி என்று. அதனால் அவனுக்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. மருத்துவக் குழு தருகிற தாளால் கிடைக்கும். அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கப்போகிற தாள். எங்கே காட்ட வேண்டும், எங்கே காட்ட வேண்டாம் என்பது உங்கள் கையிலும், 18 வயதுக்குப் பிறகு அவன் கையிலும்தான் இருக்கிறது. கல்யாணப் பேச்சில் அதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அரசு வேலையைப் பொறுத்தவரை இது தடை இல்லை, ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் சேர்ந்திருப்பது ஆகியவற்றுக்கென்று சட்டத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் பட்டியலில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, டிஸ்லெக்சியா, எழுதுவதில் வருகிற டிஸ்கிராஃபியா, எண்ணில் வருகிற டிஸ்கால்குலியா எல்லாம் சேர்ந்த குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏ.டி.எச்.டி. இல்லை. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஏ.டி.எச்.டி. என்று மட்டும் எழுதிய அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். உங்கள் மகனுக்கு இரண்டும் இருப்பதால், விண்ணப்பம் கற்றல் குறைபாட்டின் பேரில் போகட்டும்.

திருவனந்தபுரம் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நாகர்கோவிலுக்கு அடுத்து திருவனந்தபுரம்தான் பக்கம். மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையம், ஆக்குளத்தில் பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனமான நிஷ் என்று நல்ல இடங்கள் அங்கே இருக்கின்றன. பரிசோதனை அங்கே செய்ததில் தவறே இல்லை. ஆனால் அந்த அறிக்கை சான்றிதழ் ஆகாது. சான்றிதழுக்கு ஆன்லைனில் யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். உங்கள் முகவரி தமிழ்நாடு என்பதால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான் போக வேண்டியிருக்கும். அங்கே அந்த அறிக்கையைத் துணை ஆவணமாகக் கொடுங்கள். அறிக்கை எழுதிய உளவியலாளரின் பெயருக்குக் கீழே இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பு குறைவு. கூடவே பழைய ரேங்க் கார்டுகள், திருத்திய விடைத்தாள்கள், ஒன்றாம் இரண்டாம் வகுப்பு நோட்டுகள் கிடைத்தால் அவையும். இந்தச் சிரமம் சின்ன வயதிலிருந்தே இருந்தது என்று காட்டுவதற்கு அம்மாவின் பேச்சைவிட அந்த நோட்டுகள் பலமானவை.

விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில் கத்தார் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். ஓ.டி.பி. வராது, வந்தாலும் அவர் வேலையில் இருப்பார். இது அற்பமாகத் தெரியும். ஆனால் அப்பா வெளிநாட்டிலோ ஆழ்கடல் படகிலோ இருக்கிற வீடுகளில் பாதி விண்ணப்பங்கள் தட்டுத்தடுமாறுவது இங்கேதான். பின்னால் கல்லூரி விண்ணப்பங்களுக்கும் இதே பேச்சுதான். வீட்டில் எப்போதும் இருக்கிற ஒரு எண், அம்மா திறக்கத் தெரிந்த ஒரு மின்னஞ்சல், இரண்டையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, குறைபாடு எத்தனை சதவீதம் என்பது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் கல்லூரி ஒதுக்கீடு, தேசிய உதவித்தொகை இணையதளத்து உதவித்தொகைகள் எல்லாம். இரண்டாவது, அது எதுவரை செல்லும் என்ற தேதி. கற்றல் குறைபாட்டுக்கு 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 8 வயது முதல் சான்றிதழ், பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை என்று வைத்திருந்தார்கள். அந்த 18 சரியாகக் கல்லூரி சேர்க்கை நேரத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு புதுப்பிக்க அலைவதற்குப் பதில், அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே தேதியைப் பார்த்து வேலையை ஆரம்பித்துவிடலாம்.

இப்போது பள்ளிக்கூடம். டி.சி. வாங்கச் சொல்வது ஏன் என்று உங்களுக்கே தெரியும். ரிசல்ட் வந்த மறுநாள் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பள்ளி வாசல்களில் நிற்கிற ஃபிளெக்ஸ்களில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று போட வேண்டும், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமைக்குள் எழுத்து வசப்படாத ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் அவன் பாடு கஷ்டம்தான். ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசு நிதி வாங்குகிற பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துப் படிக்கவைக்கும் கடமை உண்டு. மெட்ரிக் பள்ளி அதில் அடங்கும். பத்தாம் வகுப்பில் நடு ஆண்டில் டி.சி. வாங்காதீர்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் வாய்ப்பேச்சாகவே விட்டுவிடுங்கள், நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள்.

சண்டைக்குப் போகிற மாதிரிப் போக வேண்டாம், அதுவும் முக்கியம். நம் ஊர் ஆசிரியர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு இது காட்டித் தரப்படவில்லை. குறிப்பாகத் தமிழில் டிஸ்லெக்சியா ஒளிந்துகொள்ளும். ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று உச்சரிப்பு வேறு என்கிற குழப்பம் தமிழில் குறைவு என்பதால் இந்தப் பிள்ளைகள் எப்படியோ எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். வேகம்தான் வராது. எழுதும்போது ர-ற, ன-ண, ல-ள-ழ மாறும், குறில் நெடிலாகும், ஒற்று காணாமல் போகும், நீளமான சொல்லில் நடு எழுத்து விழுந்துவிடும். விளவங்கோடு பக்கத்தில் வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ், பாடமெல்லாம் ஆங்கிலம், சி.பி.எஸ்.இ. என்றால் இந்தியும் என்று நாலு எழுத்துமுறைகளில் உழல்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் விஷயத்தில் "பல மொழி குழப்பம், போகப் போகச் சரியாகிவிடும்" என்று எட்டாவது வரை ஓட்டிவிடுவார்கள். வகுப்பாசிரியரிடம் அவனுடைய நாலு விடைத்தாள்களை வைத்து இந்தத் தவறுகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைக் காட்டுங்கள். சோம்பேறித்தனம் இப்படி ஒழுங்காக ஒரே இடத்தில் தப்புவிடாது என்பது நல்ல ஆசிரியருக்கு உடனே புரியும்.

பொதுத்தேர்வில் என்ன கேட்கலாம்? மாநிலப் பாடத்திட்டத்தில் கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை வழக்கமாக உண்டு. சி.பி.எஸ்.இ.யிலும் 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், எழுதுபவர், மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் இருக்கின்றன. விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் துறைக்குப் போக வேண்டும். மாணவர் பெயர்ப் பட்டியல் தயாராகிற சமயத்தில் இதுவும் போய்விட வேண்டும். பிப்ரவரியில் போய் நின்றால் பாவம் என்பார்களே தவிர ஒன்றும் செய்ய மாட்டார்கள். தலைமை ஆசிரியர் வாங்க மறுத்தால் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். அங்கேயும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு. உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்பு ஆசிரியரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தத் தாள்கள் எந்த மேசையில் தேங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சலுகைகளில் மொழி விலக்கை யோசித்து எடுங்கள். எந்த மொழியில் அவன் அதிகம் திணறுகிறானோ அதை விடுவதுதான் இயல்பு, ஆனால் பின்னால் கலைக் கல்லூரியில் முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம் என்று இரண்டும் வந்து நிற்கும். பத்தாவதில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, கல்லூரிப் பாடநூல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிற படிப்பைத் தேர்ந்தெடுத்தால் அங்கே மறுபடியும் முட்டும். விலக்கு எடுத்தாலும் அந்த மொழியைக் காதால் கேட்டுப் பழகுவதை நிறுத்தக் கூடாது. செய்தி, யூடியூப், எதுவானாலும் சரி.

எழுதுபவர் விஷயத்தில்தான் பெற்றோர் பெரிதாக ஏமாறுகிறார்கள். ஆள் கிடைத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. சொல்லி எழுதவைப்பது தனித் திறமை, அதைப் பழக வேண்டும். பத்து வருடமாக எழுதத் திணறிய பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு ஆசிரியர் எதிரில் உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டுவிடுவான். "அடுத்து?" என்று அவர் கேட்கும்போது பதற்றத்தில் தெரிந்ததும் போய்விடும். கணக்கில் இன்னும் மோசம். அடைப்புக்குறி எங்கே தொடங்குகிறது, வர்க்கம் எதற்கு மேலே, எது மொத்தத்துக்கும் கீழே என்பதையெல்லாம் வார்த்தையாகச் சொல்லத் தெரிய வேண்டும். படம் வரைவதற்குக்கூட "இங்கிருந்து இங்கே கோடு, இதற்குப் பெயர் ஏ" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் வீட்டில் இப்போதே ஆரம்பியுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், அம்மா பாதியைப் புரிந்துகொண்டு தானே எழுதிவிடுவார். பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, மாமா மகன், யாராவது ஒருவர். அவன் சொன்னதை மட்டும், சொன்னபடி எழுதச் சொல்லுங்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை எடுத்து, முதலில் அவனே துண்டுத்தாளில் நாலு சொல் குறித்துக்கொண்டு, பிறகு அதைப் பார்த்துச் சொல்லட்டும். அந்தத் துண்டுத்தாள் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். காலாண்டிலும் அரையாண்டிலும் பள்ளியிடம் இதே ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். பள்ளித் தேர்வில் பயன்படுத்தாத வசதியைப் பொதுத்தேர்வில் முதன்முதலாகப் பயன்படுத்துவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை. சில பிள்ளைகள் பழகிப் பார்த்துவிட்டு, எழுதுபவர் வேண்டாம், கூடுதல் நேரம் மட்டும் போதும், நானே எழுதுகிறேன் என்பார்கள். அதுவும் சரிதான், முடிவு அவனுடையது.

ஏ.டி.எச்.டி. இருக்கிற பிள்ளைக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் என்பது சில சமயம் தண்டனையாகவே ஆகிவிடும். மூன்று மணி நேரம் உட்காருவதே பாடு, நாலாவது மணியில் கவனம் எங்கேயோ போய்விடும். நேரத்தை அவனுக்குத் துண்டு போட்டுக் கொடுங்கள். எளிதான கேள்விகள் முதலில், நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்க அனுமதி, கடைசி இருபது நிமிடம் கேள்வி எண் சரிபார்க்க மட்டும். இடம் ஜன்னலோரம் வேண்டாம், வாசலோரம் வேண்டாம். இவற்றுக்குச் சான்றிதழ்கூடத் தேவையில்லை, தலைமை ஆசிரியருக்கு மனமிருந்தால் போதும். மருந்து பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பரீட்சை மாதத்தில் புதிதாக ஆரம்பிப்பதும் திடீரென நிறுத்துவதும் கூடாது, அதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உரியது. பரீட்சைக் காலமும் மாசிக் கொடைக் காலமும் ஒன்றாக வரும். மண்டைக்காடு, அய்யா வைகுண்டர் அவதார தினம், ஊர் ஊராகக் கோயில் கொடை, கூம்பு ஒலிபெருக்கி விடியவிடியப் பாடும். உள்ளூர் விடுமுறை விட்டாலும் பொதுத்தேர்வு நடக்கும். சத்தம் தாங்காத பிள்ளை, முக்கியமாக ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில், அந்த வாரத்துக்கு எந்த உறவினர் வீட்டில் தங்குவது என்று தை மாதத்திலேயே பேசிவைத்துவிடுங்கள். தேர்வு மையம் வேறு பள்ளி என்றால், ஒரு மாலை அங்கே கூட்டிப்போய் வாசல், மாடிப்படி, கழிப்பறை எல்லாம் காட்டிவிட்டு வாருங்கள்.

பத்தாவதுக்குப் பிறகு என்ன என்று கேட்டீர்கள். அவன் வீட்டில் மிக்ஸி, பம்ப் மோட்டார் எல்லாம் கழற்றி மாட்டுகிறான் என்றும், சொந்தக்காரர்கள் ஃபர்ஸ்ட் குரூப் போட்டு இன்ஜினியரிங் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினியரிங் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற ஒரே வழிதான் இருக்கிறது என்பது தப்பு. நாகர்கோவில் பக்கத்துக் கோணம் என்ற இடத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, பத்தாவது முடித்ததும் மூன்று ஆண்டு டிப்ளமோ. அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பக்கம் பக்கமாக மனப்பாடம் பண்ணி எழுதுகிற இரண்டு வருடத்துக்குப் பதில் ஒர்க் ஷாப்பும் வரைபடமுமாக இருக்கிற மூன்று வருடம். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்கு என் ஓட்டு இதற்குத்தான். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது உண்மை, அதற்குத்தான் மேலே மொழி விலக்கைப் பற்றி அவ்வளவு சொன்னேன். கோணத்திலேயே அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. நம் வீடுகளில் ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிப்பார்கள். அதே ஆட்கள் வளைகுடாவில் அந்தச் சான்றிதழை வைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்களைப் பற்றிப் பெருமையாகவும் பேசுவார்கள்.

பிளஸ் ஒன்தான் என்று முடிவானால் குரூப்பை அவன் சிரமத்தை வைத்துப் பாருங்கள், மதிப்பெண்ணை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். காமர்ஸ் எளிது என்று சேர்த்துவிடுவார்கள். எண்ணில் குழம்புகிற டிஸ்கால்குலியா பிள்ளைக்கு அக்கவுன்டன்சி நரகம். பயாலஜியில் லத்தீன் பெயர்களின் எழுத்துக்கூட்டல் டிஸ்லெக்சியா பிள்ளையை வாட்டும். பள்ளி ஒரேயடியாக ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது. ஐந்து பாடம், மொழி ஒன்று போதும், ஐந்து ஆண்டுக்குள் 9 வாய்ப்புகளில் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். பிள்ளை வீட்டிலேயே அடைந்து கிடக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நல்ல வழி. சேர்ப்பதற்கு முன் நீங்கள் மனதில் வைத்திருக்கிற கல்லூரியிடம் இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநில அரசு வேலை கனவில் இருந்தால் அதற்கும் விதியைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

நாத்தனார் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எடுப்பார்களா என்றால், எடுக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம் சட்டப்படி உண்டு, வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம், சிறப்புப் பிரிவினருக்குக் கலந்தாய்வு முதலில் நடக்கும். பொறியியல் கலந்தாய்விலும் அப்படித்தான். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் பின்னால் சொல்லிப் பயனில்லை. ஸ்காட், இந்து கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி போன்ற உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே கல்லூரியில் சில படிப்புகள் அரசு உதவியில் நடக்கும், சில சுயநிதியில் நடக்கும். நீங்கள் கேட்கிற படிப்பு எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேளுங்கள். கட்டணமும் மாறும், ஒதுக்கீட்டுக் கதையும் மாறும்.

இடம் கிடைப்பது பாதி வேலைதான். சேர்ந்த முதல் மாதமே தேர்வுச் சலுகைக்கு மறுபடி எழுத வேண்டும், பள்ளியில் வாங்கியது தானாகத் தொடராது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. மற்றவை என்றால் கல்லூரி வழியாக மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு, பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. கல்லூரியில் சம வாய்ப்பு மையம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு அந்தப் பேராசிரியரை நேரில் பாருங்கள். சில இடங்களில் பெயருக்கு ஒரு பலகை மட்டும் இருக்கும், சில இடங்களில் நிஜமாகவே ஒரு மனிதர் இருப்பார். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதுவே பெரிய காரணம், தர எண்ணெல்லாம் அப்புறம்.

அந்தப் பெண்ணுக்குப் பஸ் பழக்கம் உண்டா என்று யாராவது யோசித்தீர்களா? மே மாதத்தில் அந்த நேரத்து அந்தப் பஸ்ஸிலேயே, முதலில் கூட ஒருவர், பிறகு ஒரு சீட் தள்ளி, பிறகு நிறுத்தத்தில் மட்டும் காத்திருந்து என்று பழக்குங்கள். வடசேரி பேருந்து நிலையத்தின் ஹாரன் சத்தத்தை முதல் நாள் கல்லூரிப் பதற்றத்தோடு சேர்த்துச் சந்திக்க வேண்டியதில்லை. ஹாஸ்டல் வேண்டுமென்றால் பொது அறையா தனி அறையா, விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பார்கள், சாப்பாட்டில் அவள் சாப்பிடுவது இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

ஜே.இ.இ., நீட் எழுதுகிற பிள்ளைகளுக்குச் சுருக்கமாக. 3 மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. எழுதுபவர் வேண்டுமென்றால் எழுதுவதில் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் தேவை, யூ.டி.ஐ.டி. மட்டும் போதாது. சதவீதம் 40-க்குக் கீழே இருக்கிறதே என்று கைவிட வேண்டாம். எழுதுபவர் வசதி கேட்டு விகாஷ் குமார் என்பவர் போட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை எட்டாதவருக்கும் எழுதுபவர் வசதி உண்டு என்றது, அதையொட்டி 2022-இல் மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிகளும் கொடுத்தது. அதே 2021-இல் அவ்னி பிரகாஷ் என்ற டிஸ்கிராஃபியா உள்ள மாணவியின் வழக்கும் வந்தது. நீட் மையத்தில் அவருக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தரவில்லை. நீதிமன்றம் அது தவறு என்றது, ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. ஆகவே தீர்ப்பு வரும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை இது. தகவல் கையேட்டில் கூடுதல் நேரம் பற்றிய பக்கத்தை அச்செடுத்து, ஹால் டிக்கெட்டோடு பின் செய்து, அன்று காலை மையக் கண்காணிப்பாளரிடம் பிள்ளையே காட்ட வேண்டும்.

பிள்ளையே என்று சொன்னதைக் கவனியுங்கள். பத்தாவது வரை நீங்கள் பேசலாம். கல்லூரியில் அம்மா உள்ளே வந்து பேசுவதை யாரும் விரும்ப மாட்டார்கள், அவனும் விரும்ப மாட்டான். இப்போதே தலைமை ஆசிரியர் அறைக்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போங்கள். "மக்களே, உனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லு" என்று விட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். "எனக்கு வாசிக்க நேரம் ஆகும் சார், தெரியாமல் இல்லை" என்று ஒரு வாக்கியம் அவன் வாயில் வந்துவிட்டால் அது பல இடங்களில் உதவும். விண்ணப்பங்களையும் அப்படியே. அவன் திரையைப் பார்த்து நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், யூ.டி.ஐ.டி. மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் பத்தாவது சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே சரிசெய்யுங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி அவன் அப்பா நினைப்பதாகச் சொன்னீர்கள். பிரிட்டன் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதைத் தெரிவிக்க ஒரு இடம் உண்டு. இடம் மறுக்க அதைக் காரணமாக்க அந்நாட்டுச் சட்டம் விடாது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்விலும், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி. தேர்விலும் கூடுதல் நேரத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.ஏ.டி.க்கு ஏழு வாரம்வரை ஆகலாம். ஆனால் அதெல்லாம் மூன்று வருடம் தள்ளி. அவரிடம் இப்போது பேச வேண்டியது கத்தாரிலிருந்து போனில் "இன்னும் படிக்கலையா" என்று கேட்பதை நிறுத்துவது பற்றித்தான். அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், ஆங்கிலக் கலைச்சொற்களைப் பார்த்துப் பயந்துவிடுவார். லீவில் வரும்போது உளவியலாளரிடமோ சிறப்பு ஆசிரியரிடமோ நேரில் கூட்டிப்போங்கள். உங்களிடம் கேட்காத கேள்விகளை அவர்களிடம் கேட்பார்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், இளையவளுக்கு எட்டு வயது, அவளும் எழுத்தைக் கண்டால் ஓடுகிறாள் என்று. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடரக்கூடியது. அண்ணனுக்காக ஆசாரிப்பள்ளம் போகிற அன்றே அவளுடைய நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். சான்றிதழுக்கு வயது வந்துவிட்டது, ஆனால் அவளுக்கு அதைவிட அவசரம் வாசிப்புப் பயிற்சி. தினமும் கால் மணி நேரம், ஒலியையும் எழுத்தையும் சேர்த்துச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரிடம் அவளைப் பற்றியும் கேளுங்கள்.